வாசலுக்கு முன்னால் புறம்போக்கு: வீடு விற்கும்போது வண்டி வழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு விற்க வருகிறவர்களிடம் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். தார்ச் சாலையில் இருந்து உங்கள் கேட் வரை கார் யாருடைய நிலத்தின் மேல் ஏறி வருகிறது என்று கேட்டால்தான் தயக்கம் வரும். "அது பொறம்போக்குதான், காலங்காலமா போற வழிதான்" என்பார்கள். பல வீடுகளுக்கு அந்தப் பதில் சரியாகவே இருக்கும். சில வீடுகளுக்கு அதே பதிலால் முன்பணம் திரும்பப் போகும், சில சமயம் வழக்கும் வரும். புறம்போக்கு என்ற ஒரே சொல்லுக்குள் சாலையும் இருக்கிறது, ஏரியும் இருக்கிறது. உங்கள் வாசலில் இருப்பது எது என்று பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டு நிலைமை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆவணங்களை ஒரு வழக்கறிஞர் முழுவதும் படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் மனைக்கும் சாலைக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அது எங்கள் பட்டாவில் இல்லை. வீட்டை விற்க முடியுமா?

முடியும். உங்கள் பட்டா நிலத்தை விற்பதை அந்தத் துண்டு தடுக்காது. அதன் வழியே போய்வர வாங்குபவருக்கு என்ன உரிமையைக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இருக்கிற உரிமையை மட்டுமே கொடுக்க முடியும். அது சட்டப்படியான வழியா, யாரும் கேட்காததால் நடந்துகொண்டிருக்கும் பழக்கமா என்பதைப் பொறுத்து விலையும் பத்திர வாசகமும் மாறும்.

அந்தத் துண்டு எந்த வகை நிலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் புலப்படம். உங்கள் புல எண்ணுக்கான படத்தையும், அந்தத் துண்டு வேறு புல எண்ணில் இருந்தால் அதன் படத்தையும் சேர்த்து எடுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்திலேயே பல ஊர்களுக்குக் கிடைக்கும். நகரப் பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் கொண்ட நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அ-பதிவேடு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டா உங்கள் நிலத்தைப் பற்றி மட்டும் பேசும். பக்கத்தில் உள்ள அரசு நிலம் வண்டிப்பாதையா, வாய்க்காலா, களமா, மந்தைவெளியா, கல்லாங்குத்தா, தீர்வை ஏற்படாத தரிசா என்பதை அ-பதிவேடுதான் சொல்லும். அதன் குறிப்புக் கலத்தில் இருக்கும் ஒற்றைச் சொல் உங்கள் வீட்டின் விலையையே மாற்றக்கூடியது.

மூன்றாவது, கிராம வரைபடமும் பழைய பதிவுகளும். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது புல எண்களும் உட்பிரிவுகளும் பல ஊர்களில் மாறின. அப்போது பழைய பாதை பட்டா நிலத்தோடு சேர்ந்துபோனதும் உண்டு, பட்டா நிலம் புறம்போக்கில் விழுந்ததும் உண்டு. இன்றைய பதிவு உங்களுக்குப் பாதகமாக இருந்தால், அந்தத் திட்டத்துக்கு முந்தைய நில அளவைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். "புல எண் இன்னதின் வகைப்பாடு என்ன, அது எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது" என்ற இரண்டு கேள்வி போதும். விற்கலாம் என்ற எண்ணம் வந்தவுடனேயே இதைச் செய்யுங்கள். வாங்குபவர் கிடைத்த பிறகு 30 நாள் காத்திருப்பது கடினம்.

பதிவேட்டில் "வண்டிப்பாதை" அல்லது "தெரு" என்று இருக்கிறது.

கவலையை விடுங்கள். பொதுச் சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு, தன் எல்லை முழுவதிலும் இருந்து அந்தச் சாலைக்கு இறங்கும் உரிமை உண்டு என்பது நிலைபெற்ற சட்டம். வாங்குபவருக்கும் அது தானாகவே போகும். சாய்தளம் கட்டி மழைநீர் வடிகாலை அடைப்பது, நடைபாதையை உயர்த்துவது போன்றவை இந்த உரிமைக்குள் வராது. உள்ளாட்சி அவற்றை இடிக்கலாம்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பதிவேட்டில் உள்ள பாதையும் தரையில் உள்ள பாதையும் ஒரே இடத்தில்தான் ஓடுகின்றனவா? வரைபடப் பாதையை யாரோ வேலி போட்டு அடைத்திருக்க, ஊர் முழுக்கப் பக்கத்துத் தரிசு வழியே போய்க்கொண்டிருக்கும் இடங்கள் நிறைய. அளவையரை வரவழைத்து எல்லை காட்டச் சொன்னால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறது. மேலே பலகைக்கல் போட்டு முப்பது வருடமாகக் கார் போகிறது.

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் அதிகக் கவனம் வேண்டியது இதற்குத்தான். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருக்கும் நிலத்தில் நீதிமன்றங்கள் இப்போது மிகவும் கண்டிப்பாக இருக்கின்றன. 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கில் பிரச்சினையாக இருந்தது ஒரு குளம். நெடுங்காலம் இருந்துவிட்டோம், பெருஞ்செலவு செய்துவிட்டோம் என்பதெல்லாம் சட்டவிரோத அனுபவத்தை முறைப்படுத்தக் காரணம் ஆகாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கென்றே 2007இல் தனி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. தண்ணீர் ஓடாமல் வறண்டு கிடக்கிறது என்பதும் பதில் ஆகாது. வாய்க்கால் பதிவேட்டில் வாய்க்காலாகவே இருக்கும்வரை அது வாய்க்கால்தான்.

ஆனால் குறுக்கே கடப்பதும் ஆக்கிரமிப்பதும் ஒன்றல்ல. நீரோட்டத்தைத் தடுக்காமல் உரிய அளவில் சிறுபாலம் கட்டிக் கடந்துபோக நீர்வளத் துறையின் செயற்பொறியாளர் வழியாக அனுமதி கேட்கலாம். முன்பு பொதுப்பணித் துறையின் கீழ் இருந்த இந்தப் பிரிவு 2021இல் தனித் துறையானது. வாய்க்கால் ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருந்தால் அங்கே கேட்க வேண்டும். இந்த அனுமதி கையில் இருந்தால் வீடு விற்கும். பலகைக்கல் மட்டும் இருந்தால், அது எந்த மழைக்காலத்தில் வேண்டுமானாலும் பெயர்க்கப்படலாம் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். வெள்ளம் வந்த ஆண்டுகளில் முதலில் அகற்றப்படுபவை இவைதான். அப்படி அகற்றுவது ஊருக்கு நல்லதும்கூட.

தரிசு, களம், மந்தைவெளி என்று இருந்தால்?

தரிசில் உங்களுக்கு ஓரளவு இடம் உண்டு. அரசு அதைச் சாலையாக வகைமாற்றம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ முடியும். அதே காரணத்தால் நாளை ஒரு பள்ளிக்கோ துணை மின்நிலையத்துக்கோ ஒதுக்கவும் முடியும். களமும் மந்தைவெளியும் ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கானவை. அவற்றை வகைமாற்றம் செய்வது எளிதல்ல.

கிராம நத்தம் வேறு கதை. அது அரசுப் புறம்போக்கு அல்ல, குடியிருப்புக்கான இடம் என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்கள் வழி நத்தத்தின் வழியே போனால் அது நத்தம் தெருவா, இன்னொருவர் அனுபவிக்கும் வீட்டுமனையா என்று நத்தம் பதிவேட்டில் பாருங்கள். மனையாக இருந்தால் நீங்கள் பேச வேண்டியது அரசிடம் அல்ல, அந்த மனைக்காரரிடம்.

நாற்பது வருடமாக இந்த வழியில்தான் போகிறோம். உரிமை வந்துவிட்டதல்லவா?

வந்திருக்கலாம். அடுத்தவர் நிலத்தின் மேல் வழி போன்ற ஒரு வசதியை அனுபவிக்கும் உரிமையை வசதியுரிமை என்பார்கள். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனியார் நிலத்தின் மேல் 20 ஆண்டு வழிநடை அனுபவம் இருந்தால் உரிமை பிறக்கும் என்கிறது. நிலம் அரசுடையது என்றால் 30 ஆண்டு. முதலில் அது 60 ஆண்டாக இருந்தது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம்தான் 30ஆகக் குறைத்தது.

எண்ணிக்கை நிறைந்தால் மட்டும் போதாது. அனுபவம் வெளிப்படையாக, சச்சரவின்றி, இடைவிடாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். யாரிடமாவது அனுமதி கேட்டுப் போய்வந்த காலம் கணக்கில் சேராது. நிலமே எங்களுடையது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, இன்னொரு பக்கம் அடுத்தவர் நிலத்தில் வழி உரிமை என்று கேட்கவும் முடியாது. அந்த 30 ஆண்டுகளும், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிய வேண்டும். எனவே "1960 முதல் 1995 வரை தாத்தா போனார், பிறகு அடைத்துவிட்டார்கள்" என்பது இன்று உதவாது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வழக்காடி நீதிமன்றம் உறுதி செய்யும்வரை இந்த உரிமை உங்கள் கையில் ஒரு வாதமாகத்தான் இருக்கும். வாங்குபவரிடம் அதைத் தீர்ப்புப் போலக் காட்டாதீர்கள்.

உங்கள் பக்கம் பேசும் சட்டமும் இருக்கிறது. ஆக்கிரமிப்பு நோட்டீஸ் அனுப்ப அரசு பயன்படுத்தும் அதே 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, சாலைகளும் நீர்நிலைகளும் மற்ற நிலங்களும் அரசின் சொத்து என்று சொல்லும்போதே, பொதுவழி உரிமைகளுக்கும் பக்கத்து நிலக்காரர்களின் வசதியுரிமைகளுக்கும் உட்பட்டு என்றும் சொல்கிறது. அரசு நிலம் என்பதாலேயே உங்கள் வழி உரிமை இல்லாமல் போய்விடாது. நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது இந்த வரியை மறக்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

ஆதாரமாகப் பழைய பத்திரங்களின் எல்லை விவரம், மின் இணைப்பு ஆவணம், வீட்டுவரி ரசீது, பழைய கட்டட வரைபட அனுமதி, செயற்கைக்கோள் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஊர்ப் பெரியவர்களின் சாட்சியமும் வேண்டியிருக்கும். வயதானவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வாங்கி வைப்பது நல்லது.

அப்போது நடந்து போனோம், சைக்கிளில் போனோம். கார் வாங்கியது பத்து வருடத்துக்கு முன்புதான்.

அப்படியானால் கார் வழிக்கு உரிமை பிறக்கவில்லை. ஒரு வகை வழிநடை உரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. கால்நடையாகப் போன பாதையில் கால்நடையாகப் போகலாம். மாட்டு வண்டி போன பாதைக்குக் கார் போவது பற்றி வாதாடலாம், ஒற்றையடிப் பாதைக்கு வாதாடுவது கடினம். "கார் பார்க்கிங் வசதியுள்ள வீடு" என்று விளம்பரம் போடுவதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள்.

வேறு வழியே இல்லை. அவசிய வழி என்று கேட்க முடியாதா?

நினைப்பதைவிடக் குறுகிய உரிமை அது. வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒருகாலத்தில் ஒருவர் கையில் இருந்த நிலம் பிரிந்து, அப்படிப் பிரிந்ததாலேயே ஒரு துண்டுக்கு வழியில்லாமல் போனால்தான் அவசிய வழி பிறக்கும். அரசு தன் நிலத்துக்கு நடுவே ஓரிடத்தை ஒப்படைப் பட்டாவாகக் கொடுத்து, சுற்றிலும் அரசு நிலமே இருந்தால் இந்த வாதம் நன்றாக நிற்கும். உங்கள் பட்டா நிலமும் பக்கத்துப் புறம்போக்கும் எப்போதுமே தனித்தனி என்றால் நிற்காது. வேறு வழி உண்டு, ஆனால் சுற்று என்றாலும் நிற்காது. பிறகு ஒரு சாலை போடப்பட்டு மாற்று வழி வந்துவிட்டால் அவசிய வழி அந்த அளவில் முடிந்துபோகும் என்கிறது 41ஆம் பிரிவு.

முன்னாள் ஊராட்சித் தலைவர் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறது.

அதிகபட்சம் அது ஓர் அனுமதி. அதைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதே முதல் சந்தேகம். ஊராட்சித் தீர்மானமே இருந்தாலும், அனுமதி என்பது ஆளுக்குக் கொடுக்கப்படுவது. வீட்டோடு சேர்ந்து அது போகாது, மற்றவருக்கு மாற்றவும் முடியாது. வசதியுரிமை என்றால் வீட்டோடு சேர்ந்தே போகும். விற்கும்போது இந்த வேறுபாடுதான் முக்கியம். கடிதம் மட்டும் இருந்தால், வாங்குபவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பி-மெமோ போட்டு வருடா வருடம் பணம் கட்டியிருக்கிறோம். அது ஆதாரம்தானே?

உங்களுக்கு எதிரான ஆதாரம். பி-மெமோ என்பது அனுமதியின்றி அரசு நிலத்தை வைத்திருப்பதற்கு விதிக்கப்படுவது. அந்த ரசீது நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதை நிரூபிக்கும், உரிமையோடு இருந்தீர்கள் என்பதை நிரூபிக்காது. ஆனாலும் அதைக் கிழித்துப் போட வேண்டாம், வாங்குபவரிடம் மறைக்கவும் வேண்டாம். இந்த ரசீதுகளைக் காட்டியே "அரசு ஏற்றுக்கொண்ட இடம்" என்று விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பித் தன் சேமிப்பை இழப்பது ஒரு குடும்பம். அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பக்கத்து மனைப்பிரிவின் பூங்கா இடத்தின் வழியாக எங்கள் பின் கேட் திறக்கிறது.

அந்த கேட்டை விற்பனைப் பேச்சில் சேர்க்காதீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பூங்காவுக்கென்று கொடுத்த இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும். அங்கே வாழும் குழந்தைகளுக்கான இடம் அது. மனைப்பிரிவின் சாலைகள் கதை வேறு. உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைக்கப்பட்ட சாலை எல்லோருக்கும் பொது. வெளியாள் வரக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் கேட் போட்டாலும் அந்தப் பொது உரிமை போகாது. தானப் பத்திர எண்ணைக் கண்டுபிடித்து நகல் எடுத்து வையுங்கள்.

நெடுஞ்சாலை, ரயில்வே, கோவில் நிலம்?

தேசிய நெடுஞ்சாலையில் நுழைவு வைக்க 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சாலை அகலப்படுத்தியபோது புதிதாக உருவான இடைவெளித் துண்டு நெடுஞ்சாலைத் துறையின் நிலம், அங்கே உங்கள் பழைய நுழைவு தானாகத் தொடரும் என்று எண்ண வேண்டாம். மாநில நெடுஞ்சாலை என்றால் கோட்டப் பொறியாளரிடம் கேளுங்கள். ரயில்வே நிலத்தின் வழியே போனால், கட்டணத்துடன் கூடிய வழி அனுமதியைக் கோட்ட அலுவலகம் தரும். அது இல்லாவிட்டால் ஒருநாள் சுற்றுச்சுவர் எழும்.

கோவில் நிலம் அரசுப் புறம்போக்கு அல்ல. ஊரில் பலர் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் விற்பனைக்கும் ஆணையரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் அர்ச்சகரோ தர்மகர்த்தாவோ எழுதிக் கொடுத்த வழி உரிமையை நம்பி வீடு வாங்கக் கூடாது.

வாங்குபவரிடம் இதையெல்லாம் நானாகச் சொல்ல வேண்டுமா? கேட்டால் சொன்னால் போதாதா?

நீங்களாகவே சொல்ல வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை எதுவானாலும் விற்பவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவு மோசடியாகவே கருதுகிறது. அ-பதிவேட்டைப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும் என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தில் வென்றாலும் நான்கைந்து வருடம் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் சொல்லிவிடுவதே நல்லது. வழிப் பிரச்சினையை முதல் சந்திப்பிலேயே ஆவணத்தோடு சொன்னால் விலையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முன்பணம் வாங்கிய பிறகு அவர் தரப்பு வழக்கறிஞர் கண்டுபிடித்தால் வீட்டின் மேல் உள்ள நம்பிக்கை முழுவதும் போய்விடும். அடுத்து வருகிறவர்களுக்கும் அந்தச் செய்தி எட்டிவிடும்.

கிரயப் பத்திரத்தில் எப்படி எழுதுவது?

முதலில் நான்குமால் எல்லையைச் சரி செய்யுங்கள். பல பழைய பத்திரங்களில் "கிழக்கில் ரோடு" என்று இருக்கும். உண்மையில் கிழக்கில் வாய்க்கால் புறம்போக்கு இருக்கும், அதற்கும் கிழக்கேதான் ரோடு. தாய்ப்பத்திரத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுவதால் இந்தத் தவறு தலைமுறை தாண்டி வருகிறது. அதோடு அளவும் தவறும். சாலை ஓரம்வரை நூல் பிடித்து அளந்ததால் பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,200 சதுர அடி என்று நிற்கும் வீடுகள் உண்டு. மிச்சம் 200 சதுர அடி அரசுடையது. பட்டா அளவை வைத்தே விலை பேசுங்கள்.

வழி சட்டப்படி உறுதியானது என்றால் இப்படி எழுதலாம்: "மேற்படி மனைக்குக் கிழக்கில் உள்ள புல எண் இன்ன வண்டிப்பாதைப் புறம்போக்கு வழியாக ஆட்கள், கால்நடை, கார் முதலிய வாகனங்கள் போகவர உள்ள மாமூல் வழிநடைப் பாத்தியம் சகிதம்." எந்தப் புல எண், எந்த வகை வாகனம் என்ற இரண்டும் இருக்க வேண்டும். "சகல பாத்தியங்களும்" என்ற பொதுச் சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

உறுதி இல்லை என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: "மனைக்கும் சாலைக்கும் இடையே உள்ள புல எண் இன்னது வருவாய்க் கணக்கில் அரசு தரிசு என்று உள்ளதையும், அதன் வழியே விற்பவர் இன்ன ஆண்டு முதல் காரில் போய்வந்ததையும், அதற்கு எழுத்துப்பூர்வ அனுமதி எதுவும் இல்லாததையும் வாங்குபவர் ஆவணங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்." இந்த வரி இரு தரப்புக்கும் பாதுகாப்பு. உங்கள் அனுபவக் காலத்தை அவர் தன்னுடைய காலத்தோடு சேர்த்து எண்ணவும் இது உதவும். அதனால் பழைய ஆதாரங்களை அசலாகவே அவரிடம் ஒப்படையுங்கள்.

அந்தத் துண்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?

கூடாது. உங்களுடையது அல்லாததை விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி அரசு நிலத்தின் மீதான பத்திரத்தை உரிய அனுமதியின்றிப் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும். தப்பித்தவறிப் பதிவானாலும் அது வெறும் காகிதம்.

வங்கி கடன் தருமா?

பொதுச் சாலைக்கு நேரடி வழி இருக்கிறதா என்று வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் நிச்சயம் பார்ப்பார்கள். வண்டிப்பாதை என்றால் தடையில்லை. நீர்நிலை என்றால் பெரும்பாலும் அனுமதிக் கடிதம் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்வார்கள். அப்போது ரொக்கமாக வாங்குபவர் மட்டுமே மிஞ்சுவார், அவர் விலையைக் குறைப்பார்.

விற்பதற்கு முன் சரி செய்ய முடியுமா?

நேரம் இருந்தால் முயலுங்கள். பதிவேட்டில் பிழை என்றால் வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று படிப்படியாக மனுச் செய்ய வேண்டும். ஜமாபந்தியிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்த மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு பின்தொடரலாம். தரிசு நிலத்தில் ஊராட்சியைச் சாலை போடச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் நடக்காது. அதே வழியைப் பயன்படுத்தும் பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டு, கிராம சபையில் தீர்மானம் வந்தால் நடக்க வாய்ப்பு உண்டு. என் பார்வையில் இதுதான் நல்ல தீர்வு. வழி பொதுவழியாகிவிட்டால் உங்களுக்குப் பின் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிராது.

நீதிமன்றம் போவதானால், அரசுக்கு எதிரான உரிமையியல் வழக்குக்கு முன் இரண்டு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவசர நிலையில் மட்டுமே நீதிமன்ற அனுமதியோடு அதைத் தவிர்க்கலாம். வழக்கு முடிந்த பிறகுதான் விற்பேன் என்று காத்திருப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. நிலைமையை வெளிப்படுத்தி விற்பதற்குச் சட்டத் தடை இல்லை.

விற்றுவிட்டேன். இப்போது வாங்கியவருக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னைக் கேட்கிறார்.

நீங்கள் எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதியிருந்தால் சட்டப்படி உங்களைக் கேட்க அவருக்கு வழி குறைவு. ஆனாலும் சாட்சி சொல்லப் போங்கள். அத்தனை ஆண்டு அந்த வழியில் போனது நீங்கள்தான், அவரால் அதை நிரூபிக்க முடியாது. நோட்டீசுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுப்பதுதான் முதல் வேலை. எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, எதை அகற்றச் சொல்கிறார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். பல நேரங்களில் அகற்றச் சொல்வது படிக்கட்டையும் கூரை நீட்டத்தையும்தான், போய்வரும் வழியை அல்ல. அப்படியானால் கட்டுமானத்தைத் தாமே எடுத்துவிட்டு, வழிநடை உரிமையை மட்டும் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவைக் காட்டிக் காப்பாற்றிக்கொள்ளலாம்.